கல்யாணத்தில் மறைந்த அப்பாவை எப்படி நினைவுகூர்வது?

கேள்வி: மணப்பெண்ணின் அப்பா இப்போ இல்லை. அவரையும் சேர்த்துக்கிட்ட மாதிரி இருக்கணும், அம்மாவும் உடைஞ்சு போயிடக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதல் வரிசையில் ஒரு நாற்காலி, அதில் அவர் படம். ஏ4 அளவு போதும். கண்ணாடிச் சட்டம் வேண்டாம். வீடியோ லைட் பட்டா முகத்துக்குப் பதிலா வெள்ளைத் திட்டுதான் பதிவாகும். பளபளப்பில்லாத மேட் பிரிண்ட் போடுங்க. நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டணும், இல்லன்னா யாராவது படத்தை நகர்த்திட்டு உட்கார்ந்துடுவாங்க.

சுடர் ஏத்துறதா இருந்தா உயரமான கண்ணாடிக் குவளைக்குள் வைங்க. மின்விசிறிக் காத்தில் அணைஞ்சா அதையே சகுனம்னு பேசுவாங்க, அம்மா மனசு தாங்காது.

பதில் 2: படம் அம்மாவுக்கு நேர் எதிரே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். எல்லாத்தையும் முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க. இதில் மட்டும் சர்ப்ரைஸ் கூடவே கூடாது.

பதில் 3: மௌன அஞ்சலி வைக்கிறதா இருந்தா சடங்குக்கு முன்னாடி, 30 வினாடி. அதுக்கு மேல போனா விசும்பல் பரவிடும். மாப்பிள்ளை வீட்டில் மறைஞ்சவங்க பேரையும் கேட்டு, மைக் பிடிக்கிறவருக்கு எழுதியே கொடுங்க.

பதில் 4: அவரோட பழைய சட்டையில் ரெண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, பொண்ணு உடையின் உள்மடிப்பில் தைக்கலாம். முதல்ல நனைச்சுப் பாருங்க, சாயம் இறங்கினா பட்டு பாழ்.