மெஷின் பிடித்து விரல் மரத்துப்போனவர்கள் வந்து சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:
தேயிலைச் செடி வெட்டும் கவாத்து மெஷின் பிடிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வேலை முடிந்த பிறகும் கை விறுவிறுவென்று இருக்கும், தூங்கும்வரை அடங்காது. அதை விடுங்கள். என்னை இன்னும் உறுத்துவது ஒரு மார்கழிக் காலை. எஸ்டேட்டுக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்தி டீ வாங்கினேன். டம்ளர் சுடவில்லை. குனிந்து பார்த்தால் நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாம் கணு வரை வெள்ளை வெளேரென்று இருந்தன. வெளுப்பு மெல்ல மெல்லக் குறையவில்லை. கோடு கிழித்தாற்போல ஓர் இடத்தில் சட்டென்று நின்றிருந்தது. நகத்தால் கிள்ளினேன், தெரியவில்லை. "என்னப்பா, சுண்ணாம்புப் பானைக்குள் கை விட்டாயா?" என்றார் கடைக்காரர். சற்று நேரத்தில் நீலம் பாய்ந்தது, பிறகு சிவந்து எரிந்தது பாருங்கள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வார்ப்படக்காரன், கோவை:
அண்ணா, உங்களுக்கு வெளுத்தது, அதனால் பார்த்தவர்கள் நம்புவார்கள். எங்கள் ஊர் வெயிலில் எங்கே வெளுக்கிறது? நான் ஃபவுண்டரியில் ஃபெட்லிங், அதாவது வார்ப்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் வேலை, நாள் முழுக்கக் கிரைண்டர். அக்கா மகள் கல்யாணத்தன்று புதுச் சட்டையின் காலர் பொத்தான் விரலுக்கு அகப்படவே இல்லை. பொத்தான் எது, துணி எது என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்றும் முடியவில்லை. என் சின்னப் பெண் நாற்காலியில் ஏறி நின்று போட்டுவிட்டாள். மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனேன். விரல் வெளுக்கிறதா என்றார், இல்லை என்றேன். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துக்குப் பட்டை எழுதிக் கொடுத்தார். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொதுநலம்:
கழுத்தெலும்பாகவும் இருக்கலாமே. சர்க்கரையையும் பாருங்கள். எல்லாவற்றையும் மெஷின் தலையில் கட்டக் கூடாது. என் சித்தப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் பாறை துளைக்கும் ஜாக்ஹாம்மர் ஓட்டியவர். பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் சில்லறையைப் பொறுக்கத் தெரியாமல் உள்ளங்கையை அப்படியே நீட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பீடி, சிகரெட்டை விடுங்கள். சுருங்குகிற ரத்தக்குழாயை நிக்கோடின் இன்னும் சுருக்கும். மெஷினை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிடி இறுக இறுக அதிர்வு கைக்குள் ஏறும். பிட் மழுங்கினாலும் கிரைண்டர் கல் ஒரு பக்கமாக ஆடினாலும் அப்போதே மாற்றுங்கள். கம்ப்ரஸரின் குளிர்ந்த காற்று விரலில் அடிக்க விடாதீர்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டு உத்தரவுப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு 2.5 மீ/வி² (அதிர்வை அளக்கும் அலகு) அளவைத் தாண்டினாலே முதலாளி ஏதாவது செய்தாக வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் பிடிக்கும் நேரம் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறைய வேண்டும். இதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. கையுறையாவது போடுங்கள்.

துளைக்காரன்:
பொதுநலம் ஐயா, நேரத்தைக் கால்வாசியாக்கினால் கூலியும் கால்வாசிதான். எங்களுக்குத் துளை அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஜாக்ஹாம்மரின் அடி மெதுவானது, கனத்தது. அதிர்வு தடுக்கும் உறை வேகமான அதிர்வைத்தான் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இதை அல்ல. போட்டுப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

நான் எழுத வந்தது வேறு. பையனுக்கு உடம்பு கொதிக்கிறது என்று மனைவி நடு இரவில் எழுப்பினாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "ஒன்றும் இல்லையே, படு" என்றேன். அவள் என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தி, "இது தெரிகிறதா? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கட்டைவிரலைத் தவிர எதிலும் சரியாகத் தெரியவில்லை. காலையில் பையனை அழைத்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

உளிச்சத்தம், மாமல்லபுரம்:
வார்ப்படக்காரர் கவனிக்க. வெளுப்பு இல்லையென்றால் மெஷின் அதிர்வால் வரும் கை நோய் இல்லை என்பது சரியல்ல. 1986இல் ஸ்டாக்ஹோமில் இந்த நோய்க்கு வகுத்த அளவுகோலில் ரத்த ஓட்டத்துக்குத் தனிப் படி, உணர்ச்சி மரப்புக்குத் தனிப் படி, அதிலும் கைக்குக் கை தனி. வெப்பமான ஊரில் வெளுப்பு அரிதாகத் தெரியலாம், நரம்பு கெடுவது அதற்காகக் காத்திருக்காது.

கைக்குக் கை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்றுச் சுத்தியல் வந்த பிறகு எனக்கும் மரப்பு வந்தது. டாக்டர் வலது கையை நீட்டச் சொல்லி ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் தெரிந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது!" என்று எழுதவும் தொடங்கிவிட்டார். இடது கையை நானே எடுத்து மேசைமேல் வைத்தேன். உளியைப் பிடிப்பது இடது கை, ஐயா! அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் தொழிலாளிகளை 1918இல் ஆய்வு செய்த ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவரும் உளி பிடிக்கும் இடது கைதான் அதிகம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறார். நூறு வருடம் கழித்தும் வலது கையைத்தான் நீட்டச் சொல்கிறார்கள்.

வார்ப்படக்காரன், கோவை:
எனக்கும் இடதுதான் மோசம், கிரைண்டரின் பக்கப் பிடி அந்தக் கையில். வேறு டாக்டரிடம் போகிறேன், என்ன வேலை என்பதை இந்தத் தடவை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொதுநலம்:
போகிறபோது வெறும் வயிற்றில் போங்கள். சர்க்கரையையும் பார்த்துவிடலாம்.