மறுமொழி: 'பாலின முன்னாய்வு' சரியாக வருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கனடா அரசின் Gender-based Analysis Plus (GBA+) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'பாலின முன்னாய்வு' என்று நான் சொன்னதற்கு ஒருவர் கேட்டது இது:

> கனடா அரசு செய்யும் அந்த ஆய்வைப் 'பாலின அடிப்படையிலான பகுப்பாய்வு' என்றே சொல்லிவிடலாமே. பொருள் விளங்குகிறதே?

பொருள் விளங்குகிறது, ஐயா. ஆனால் எப்போது செய்ய வேண்டிய ஆய்வு என்பது அந்தப் பெயரில் இல்லை. கனடா சறுக்கியது அந்த இடத்தில்தான்.

எந்தத் திட்டமானாலும் அது பெண்களை எப்படித் தொடும், ஆண்களை எப்படித் தொடும் என்று பார்த்துவிட்டே முடிவெடுப்பதாக 1995இல், பெய்ஜிங் மாநாட்டை ஒட்டி, அந்த நாடு உறுதி கொடுத்தது. 1996 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டுவேலையைப் பற்றியும் கேட்டார்கள். அப்புறம் 2006இல் மகளிர் நிலைக்கான அரசு அமைப்பின் 16 வட்டார அலுவலகங்களில் 12ஐ மூடும் முடிவு வந்தது. 2011இல் வீட்டுவேலைக் கேள்வியும் போயிற்று. இந்த ஆய்வு நடக்கும் விதத்தைப் பற்றித் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2009, 2015, 2022 என மூன்று முறை குறை எழுதியது. ஆய்வு செய்த துறைகளிலும் கொள்கையை வகுக்க அது பயன்பட்டதற்குச் சான்று குறைவு என்பது 2009லேயே வெளியான விஷயம். 2018இல் பாலின வரவுசெலவுக்கு, அதாவது வரவுசெலவுத் திட்டத்திலும் பாலினத்தைக் கணக்கில் எடுப்பதற்கு, தனிச் சட்டம் வந்த பிறகும் பழைய குறைகள் தீரவில்லை.

நான் இருக்கும் கேரளத்து மூணாறு பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனபோது அடி விழுந்தது அவர்கள் மீதுதான். நாளெல்லாம் சரிவில் நின்று பறிக்கிற பெண்ணுக்கு ஒதுங்கக் கழிப்பறை கிடையாது. பேச்சுவார்த்தைக்குப் போன சங்கத் தலைவர்களோ ஆண்கள். அதனால்தான் 2015 செப்டம்பரில் சங்கங்களை ஒதுக்கிவிட்டு, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று அவர்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 'தொழிலாளர்' என்ற பொதுச்சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று முடிவுக்கு முன்பே கேட்பதுதான் இந்த ஆய்வு. ஆகவே 'பாலின முன்னாய்வு' என்கிறேன்.

பாலினத்தைக் குறிக்க 'லிங்க' என்று தொடங்கும் மலையாள வழக்கை இங்கே சிலர் அப்படியே எடுத்தாள்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது கோயிலைத்தான் நினைவூட்டும். வேண்டாம்.

கனடியப் பெயரின் கடைசியில் வரும் கூட்டல் குறி வயது, வருமானம், உடல் குறைபாடு போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது. அதற்குப் 'பல்கூற்றுப் பாலின முன்னாய்வு' எனலாம். கொஞ்சம் நீளம்தான். சுருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

'தாக்க மதிப்பீடு' என்ற யோசனையும் வந்திருந்தது. சுற்றுச்சூழல் துறையில் அது வேர் பிடித்த சொல், மறுக்கவில்லை. ஆனால் தாக்கம் என்றாலே நடந்து முடிந்ததை அளப்பதாகத்தான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முன்னாய்வு என்பது சோதனை ஆய்வோடு (pilot study) குழம்பாதா என்று கேட்பீர்கள். அதற்கு 'முன்னோட்ட ஆய்வு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.