"போலி மரபணு"வா, "தூர்ந்த மரபணு"வா?

ஐயா, வணக்கம்.

வேலை நின்றுபோன மரபணு நகலான சூடோஜீனுக்கு நீங்கள் தந்த "போலி மரபணு" எனக்கு ஒப்பவில்லை. போலி என்றால் ஏமாற்று. இது யாரையும் ஏமாற்றவில்லை. மரபணு நகலெடுத்துப் பெருகும்போது ஒரு நகலில் பிறழ்வுகள் சேர்ந்து சேர்ந்து வேலை நின்றுபோகிறது, அவ்வளவுதான். 1977-இல் தவளை மரபணுவை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயரின் "சூடோ" (பொய்) என்ற முன்னொட்டை நாம் அப்படியே பெயர்த்துவிட்டோம்.

நம் 14-ஆம் குரோமோசோமில் எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) இருவகைப் புரதச் சங்கிலிகளில் கனமான சங்கிலிக்குரிய "வி" துண்டுகள், அதாவது அதன் மாறுபடும் பகுதியை ஆக்கும் மரபணுத் துண்டுகள், வரிசையாகக் கிடக்கின்றன. 1998-இல் ஜப்பானியக் குழு ஒன்று அந்தப் பகுதியை முழுதாகப் படித்தது. ஏறத்தாழ 9,57,000 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்), 123 துண்டுகள். அவற்றில் 79 செயலிழந்தவை! நோயெதிர்ப்பு மரபணுக்களைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தால் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

எங்கள் தக்கலைப் பக்கம் பெயரளவில் நிற்கிற குளங்கள் உண்டு. கரை தெரியும், மடை தெரியும், தண்ணீர்தான் நிற்காது. "தூர்ந்துபோச்சு" என்போம். "தூர்ந்த மரபணு" என்று வைத்தால் என்ன? கோழியைப் பாருங்கள். அதன் எதிர்ப்பொருளின் இலேசான சங்கிலிக்கு வேலைசெய்யும் "வி" ஒன்றே ஒன்று. பக்கத்தில் தூர்ந்தவை 25. அவற்றிலிருந்து துணுக்குத் துணுக்காக எடுத்து அந்த ஒன்றில் பதித்துத்தான் கோழி விதவிதமான எதிர்ப்பொருள்களை ஆக்குகிறது. தூர்ந்த குளத்து வண்டலை அள்ளி வயலில் போடுவது போலத்தான். போலி என்ற சொல்லில் இந்தப் பயனுக்கு இடமே இல்லை.

*

தம்பி, சொல் நன்றாயிருக்கிறது. ஆனால் "தூர்மரபணு" என்று சுருக்கிவிடாதீர்கள். தென்னந்தூர், வாழைத்தூர் என்று மரத்தடியையும் தூர் என்கிறோம், மூல மரபணு என்று பொருள் கொள்வார்கள். இன்னொன்று: தூர்ந்த குளத்தைத் தூர்வாரலாம். மரபணு மீளுமா?

*

சுருக்க மாட்டேன் ஐயா, "தூர்ந்த மரபணு" என்றே இருக்கட்டும். மீண்டதும் உண்டு. செல்லுக்குள் புகும் நுண்ணுயிரிகளை எதிர்க்க உதவும் ஐ.ஆர்.ஜி.எம். என்ற மரபணு குரங்குகளில் தூர்ந்து கிடக்கிறது. நமக்கும் பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையில் அது மறுபடி வேலைக்கு வந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய ரெட்ரோவைரஸ் (தன் மரபணுக்களை நம் டி.என்.ஏ.வுக்குள் செருகும் வைரஸ்) ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டியதுதான் இன்று அதை இயக்கிவைக்கிறது. அந்த நிகழ்வுக்கு "மரபணுத் தூர்வாரல்" என்றே எழுதிவிடுகிறேன், உங்களுக்குச் சம்மதமென்றால்.