போதகர் ஆவதற்கு அழைப்பு மட்டும் போதுமா?

பாளைவாசி:
எங்கள் சித்திக்கு 61 வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் தெருமுனையில் ஒரு மாடியில் நடக்கிற சபைக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே இருக்கிற பாஸ்டருக்கு 26 வயதுதான் இருக்கும், மூன்று மாத வேதபாட வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். நல்ல பையன், அதையும் சொல்லிவிடுகிறேன், பணத்துக்காக வந்தவர் இல்லை. ஒரு உபவாசக் கூட்டத்தில் சித்தியின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "சுகமாயிற்று, இனி மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம்" என்று சொல்லியிருக்கிறார். சித்தி மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். நாங்கள் கண்டுபிடித்தபோது ஏழு வாரம் ஆகியிருந்தது. கால் பெருவிரல் கறுத்துப்போய், கடைசியில் அதை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் நின்று அழுதார். "எனக்கு யாரும் சொல்லித்தரலை அண்ணே" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம். நூறு பேருடைய ஆத்துமாவையும், பல நேரம் உடம்பையும் கையில் கொடுக்கிற வேலைக்கு ஒன்றுமே கேட்பதில்லை. என் கருத்து இதுதான்: குறைந்தது மூன்று வருஷம் இறையியல் கல்லூரி, அதன்பின் இரண்டு வருஷம் ஒரு மூத்த போதகரின் கீழே வேலை. இது இல்லாமல் யாரையும் சபைக்குப் பொறுப்பாக வைக்கக் கூடாது. "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே", அதாவது அவசரப்பட்டு யாரையும் ஊழியப் பொறுப்பில் ஏற்படுத்தாதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதற்குத்தான்.

எளிய ஊழியன்:
ஸ்தோத்திரம் பிரதர். சித்தி விஷயம் மனதை அறுக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொன்னது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், நானே பிரஷர் மாத்திரை போடுகிறவன். பவுல் கூடவே இருந்த லூக்கா வைத்தியர்தானே.

ஆனால் அதற்கு மருந்து கல்லூரி என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன். படிப்பு பத்தாவது. 29 வயதில் ஊழியத்துக்கு அழைப்பு வந்தது, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மூன்று வருஷம் பெங்களூரிலோ மதுரையிலோ போய்ப் படித்தால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? இப்போது என் சபையில் எழுபது பேர், முக்கால்வாசிப் பேர் வெளிமாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் அவர்களைப் பார்க்கவே முடியும். ஒரு ரூமில் ஆறு பேர் படுத்திருக்கிற இடத்தில் பாயில் உட்கார்ந்து அவர்களோடு ஜெபிக்க எந்தப் பட்டதாரி வருகிறார், சொல்லுங்கள். பேதுருவையும் யோவானையும் "படிப்பறியாதவர்கள்" என்றுதான் யூத ஆலோசனைச் சங்கத்தார் பார்த்தார்கள்.

உங்கள் ஜில்லாக்காரர், வெள்ளாளன்விளை அசரியா ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமல் வந்தவர். அவரைப் போய் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டிருந்தால்?

பாளைவாசி:
அப்போஸ்தலர் 4:13 முழுசாகப் படியுங்கள் பாஸ்டர். அவர்கள் "இயேசுவுடனேகூட இருந்தவர்கள்" என்று அறிந்துகொண்டார்கள் என்று முடிகிறது. ராத்திரி பகலாகக் கூடவே நடந்து, தப்புச் செய்து திட்டு வாங்கி, திரும்ப அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அதைவிடப் பெரிய பயிற்சி எது? பவுலும் கமாலியேல் என்கிற யூத வேத ஆசிரியரின் பாதத்தருகே இருந்து படித்தவர்.

அசரியா ஐயாவும் சும்மா வந்துவிடவில்லை. வொய்.எம்.சி.ஏ. செயலாளராக வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றியவர், 1903ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், 1909ல்தான் குருப்பட்டம். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் போனதும் அவர் முதலில் கவனித்த காரியங்களில் ஒன்று, கிராமத்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. பட்டம் இல்லாத ஒருவர் பயிற்சிக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார் என்றால் அதன் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சேகரகுரு:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர், ஊர் பெயர் வேண்டாம். டிகிரி முடித்துவிட்டு நாலு வருஷம் பி.டி. என்கிற இறையியல் பட்டம் படித்தவன். இறையியல் பட்டங்கள் கொடுக்கிற செராம்பூர் செனட்டின் பாடத்திட்டம், கிரேக்கம் உண்டு. அதனால் பாளைவாசி அண்ணன் பக்கம்தான் பேச வேண்டும். ஆனால் ஒரு நாளைச் சொல்கிறேன்.

முதல் சேகரத்துக்கு, அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கிற சபைகளின் தொகுப்புக்கு, போய் மூன்றாவது வாரம். ஒன்பது சபைகளில் கடைசிச் சபை, தேரிக்காட்டு ஓரம். 19 வயதுப் பையன் தூக்கு மாட்டிக்கொண்டான். போனேன். அந்த அம்மா திண்ணையில் தலைமுடி அவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "ஐயா, என் பிள்ளை இப்ப எங்க இருக்கான்?" என்றார்கள். கடைசிக் காலத்தைப் பற்றிய பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல் மார்க். வாய் திறக்கவில்லை. தொண்டையில் ஒன்றும் வரவில்லை. என்னோடு வந்த உபதேசியாருக்கு, அதாவது குருப்பட்டம் இல்லாத சபை ஊழியருக்கு, 68 வயது, எட்டாவது வரை படித்தவர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், கையைப் பிடித்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவனைப் பெத்த உனக்கே இவ்வளவு இரக்கம் இருக்குன்னா, உண்டாக்கினவருக்கு இருக்காதாம்மா" என்று மட்டும் சொன்னார். நாலு வருஷத்தில் நான் படித்த எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆனால் அதை எங்கே, எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவரிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

ஆனால் படிப்பு வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்கொலை செய்தவனைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கவிடக் கூடாது என்று கமிட்டியில் மூன்று பேர் அன்றைக்குச் சண்டைக்கு வந்தார்கள். அவர்களிடம் வேதத்தை வைத்து நின்று பேச என் படிப்புதான் உதவியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி 1969ல் தொடங்கியபோது தமிழிலேயே இறையியல் சொல்லித்தர வேண்டும் என்று முனைந்தார்கள், மாணவர்களை ஏழைகள் வாழ்கிற பகுதிகளில் போய்த் தங்கிப் படிக்க வைத்தார்கள். அந்த மாதிரி யோசனை எல்லா இடத்திலும் வேர்விட்டிருந்தால் நாம் இந்தப் பேச்சையே பேச வேண்டியிருக்காது.

இன்னொன்று. உபதேசியார் என்கிற அந்த ஏற்பாட்டை நாம் கை நழுவவிட்டுவிட்டோம். 1733ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியாவின் முதல் சுதேச லுத்தரன் குருவானவர், பல வருஷம் உபதேசியாராக நடந்து தேய்ந்த பிறகுதான் அந்தப் பட்டத்துக்கு வந்தார். தஞ்சாவூரிலிருந்து ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய சத்தியநாதனும் உபதேசியாராக இருந்தவர்தான், 1790ல் குருவானார். முதலில் ஆட்களோடு பழகி, பிறகு பட்டம். இப்போது தலைகீழ்.

வார்டு 7:
நான் பாலியேட்டிவ் கேர் நர்ஸ். சாகிறவர்கள் பக்கத்தில் நிற்கிற வேலை, வாரத்துக்கு நாலைந்து ஊழியர்களையாவது பார்க்கிறேன், எல்லாச் சபையிலிருந்தும். நீங்கள் மூன்று பேரும் படிப்பா, அழைப்பா என்று பேசுகிறீர்கள். கட்டிலில் கிடக்கிறவருக்கு அது தெரியாது. சிலர் வந்ததும் கட்டில் காலடியில் நின்று, பக்கத்து நோயாளி திடுக்கிட்டு விழிக்கிற மாதிரி சத்தமாக ஜெபிப்பார்கள். சிலர் ஸ்டூலை இழுத்து முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "தண்ணி வேணுமாம்மா" என்று கேட்பார்கள். இரண்டாவது வகையில் டிகிரிக்காரரும் உண்டு, டிகிரி இல்லாதவரும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க முடியும், பிறவியிலேயே வர வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் வார்டிலேயே வைத்து நோயாளிகளைச் சந்திக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு மாதமாவது அப்படி இருந்துவிட்டு வந்தால் போதும், ஆளே மாறிவிடுவார்.

இன்னொரு காரியம், இதற்கு எனக்குக் கோபமே வரும். எங்களிடம் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிற விஷயத்தை அவர் தன் பாஸ்டரிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை சபை வாட்ஸ்அப் குரூப்பில், பெயரோடு, ஜெபக்குறிப்பு. அவர் மகளுக்குப் பார்த்திருந்த இடம் நின்றுபோயிற்று. கெட்ட எண்ணத்தில் போடவில்லை, எல்லாரும் ஜெபிக்கட்டும் என்றுதான் போட்டார். 2017ல் வந்த சட்டப்படி அவர் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்லவே கூடாது. ரகசியம் காப்பது பற்றி ஒரு மணி நேர வகுப்பு, அவ்வளவுதான் நான் கேட்பது. அதுகூட இல்லையே.

அப்புறம் பாஸ்டரம்மாக்கள், அதாவது பாஸ்டர்களின் மனைவிகள். இவர்களுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்? சபையில் அடி வாங்கிய பெண் முதலில் போய் அழுவது அவர்களிடம்தான், சம்பளமும் கிடையாது. சி.எஸ்.ஐ.யில் 1976லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள், 2013ல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா பேராயரே ஆனார்கள். இருந்தும் இந்தத் திரியில் இவ்வளவு நேரம் "அவர், பையன், ஐயா" என்றுதான் ஓடுகிறது.

சேகரகுரு:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

மலைக்கோட்டை:
நான் கத்தோலிக்கன், செமினேரியில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். பயிற்சி நீளமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்காக எழுதுகிறேன். 1563ல் திரெந்து சங்கம் என்கிற எங்கள் திருச்சபைப் பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று சொன்னதிலிருந்து எங்களுக்கு இது பழக்கம். தத்துவம், இறையியல், நடுவில் களப்பணி என்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். 1992ல் போப் இரண்டாம் யோவான் பவுல், மனிதப் பக்குவம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று நாலையும் வளர்க்க வேண்டும் என்று எழுதினார். அருமையான திட்டம். ஆனால் உலகம் முழுக்கச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுமை செய்த குருக்களும் அந்த மாதிரி நீண்ட பயிற்சியில் வந்தவர்கள்தானே. அது எங்கள் நெஞ்சில் முள். இன்னொரு பக்கம், பங்குக் குருக்களின் பாதுகாவலர் ஜான் வியான்னி லத்தீன் வராமல் திணறியவர், 1815ல் தட்டுத்தடுமாறித்தான் குருவானார்.

அதனால் எத்தனை வருஷம் படித்தார் என்பதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு அவரைப் பார்த்து "இது தப்பு, நிறுத்து" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? எளிய ஊழியன் அண்ணே, வருத்தப்படாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் சபைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நீங்கள் தப்பாகப் போதித்தால் யார் திருத்துவார்கள்?

எளிய ஊழியன்:
பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். வேலையால் இல்லை, அந்தக் கேள்விதான்.

ஊழியத்துக்கு வந்த புதிதில் ஐந்து வருஷம் ஒரு பெரிய பாஸ்டரின் கீழே இருந்தேன். பாய் விரித்தேன், அவர் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன். ஒருமுறை ஒரு விசுவாசியின் கடன் விஷயத்தை நான் பிரசங்கத்தில் ஜாடையாகச் சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், பிள்ளைகள் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றைக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. இன்றைக்கு என்னிடம் ஏதாவது நல்லது இருந்தால் அது அவர் அடித்துத் திருத்தியது. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதன்பிறகு என்னிடம் யாரும் "தப்பு" என்று சொன்னதில்லை. கணக்கை நானும் என் மனைவியும்தான் எழுதுகிறோம். ஒரு ரூபாய் தப்பாகத் தொட்டதில்லை, ஆனால் அதைச் சொல்வதற்கு நான் மட்டும்தான் சாட்சி. இது சரியில்லை. இந்த ஞாயிறு சபையிலிருந்து இரண்டு பேரைக் கணக்குப் பார்க்கக் கேட்கப்போகிறேன், ஒருத்தி செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிற பெண், கணக்கில் புலி.

ஆனாலும் கல்லூரிக் கட்டாயத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை பிரதர். அந்தச் சட்டம் வந்தால் முதலில் வெளியே நிற்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

சேகரகுரு:
பாஸ்டர், வேலையை விடாமல், ஊரைவிட்டுப் போகாமல் படிக்கிற வழி ஒன்று இருக்கிறது. 1963ல் குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியன் செமினேரி ஒன்றில் இதே பிரச்சினை. கிராமத்து ஊழியர்களால் செமினேரிக்கு வந்து தங்கிப் படிக்க முடியவில்லை. அதனால் ஆசிரியர்கள் வாராவாரம் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். வீட்டில் பாடம் படிப்பது, வாரம் ஒருநாள் சிறு குழுவாக உட்கார்ந்து அந்த வாரம் ஊழியத்தில் நடந்ததை வைத்துப் பேசுவது. நம் நாட்டிலும் பெங்களூரை மையமாக வைத்து டாஃப்டீ (TAFTEE) என்கிற அமைப்பு இதைப் பல வருஷமாகச் செய்கிறது.

எளிய ஊழியன்:
தமிழில் இருந்தால் நான் சேருகிறேன். சனிக்கிழமை ராத்திரி மட்டும் முடியாது.

பாளைவாசி:
நல்லது பாஸ்டர், மனசார சொல்கிறேன். ஆனால் நான் இன்னும் இறங்கி வரவில்லை. நீங்கள் ஐந்து வருஷம் பாய் விரித்துவிட்டு வந்தவர், எங்கள் தெருப் பையனுக்கு அதுவும் இல்லை. சபையைக் கையில் கொடுத்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்றால், அதுவரை அவர் கற்றுக்கொள்வது எங்கள் சித்தி மாதிரி ஆட்களை வைத்துத்தான். படிப்பு எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கை வைப்பதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

எளிய ஊழியன்:
முன்னால் என்பது சரி. அதைக் கல்லூரிதான் கொடுக்க வேண்டும் என்பதில்தான் நமக்குள் சண்டை.

பிரதர், அந்தத் தம்பியை என்னோடு பேசச் சொல்லுங்கள். மாதம் ஒரு வாரம் திருப்பூருக்கு வந்து என்னோடு தங்கட்டும், அவர் என் கணக்கைப் பார்க்கட்டும், நான் அவர் பிரசங்கத்தைக் கேட்கிறேன். பஸ் காசு நான் போடுகிறேன்.

பாளைவாசி:
கேட்டுச் சொல்கிறேன். சித்தி இன்னும் அந்தச் சபைக்குத்தான் போகிறார்கள், நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஆராதனை முடிந்ததும் அந்தப் பையனே வாசலில் நின்று "மாத்திரை போட்டாச்சாம்மா" என்று கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூட்டிவரப் போகும்போது நேரிலேயே பேசுகிறேன்.