த்ரோ மட்டும் செல்லும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போட்டி: இந்த விதி நிற்குமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் குழுவினருக்காக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் இணையப் போட்டி ஒன்றை நடத்த எண்ணியிருக்கிறேன். புதியவர்கள் நீண்ட காம்போக்களில் (தொடர் அடிகளில்) சிக்கித் தோற்று ஒதுங்கிவிடுவதால், எல்லோரும் சிரித்து ஆடும்படி விதிகளை மாற்ற விரும்புகிறேன். எதிராளியைத் த்ரோ செய்து, அதாவது பிடித்து எறிந்து மட்டுமே வீழ்த்த வேண்டும். ஒவ்வொரு ரவுண்டிலும் வெல்வதற்கு முன் ஒரு முறையாவது டான்ட் செய்து அவரைச் சீண்டியிருக்க வேண்டும். இதில் ஓட்டைகள் இருந்தால் தயவுசெய்து சுட்டிக்காட்டுங்கள்.

பதில் 1:
விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லைட் குத்தையும் லைட் உதையையும் சேர்த்து அழுத்தினாலே த்ரோ வந்துவிடும், பிடியிலிருந்து தப்பிக்கவும் அதே பொத்தான்கள்தான் என்பதால், புதியவர் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான பாத்திரங்களின் உயிர் அளவு 10,000. சாதாரண த்ரோ ஒன்று 1,200 குறைக்கும். எனவே, எதிராளி அடி வீணாகித் தடுமாறும்போது விழுந்து கூடுதலாகக் குறைக்கும் பனிஷ் கவுண்டராக விழாதவரை, ஒருவரை வீழ்த்த 9 த்ரோக்கள் வேண்டும். இருப்பதோ 99 விநாடிகள். காற்றில் இருப்பவரைச் சாதாரண த்ரோவால் பிடிக்க முடியாது. ஆகவே முதல் த்ரோவைப் போட்டவர் நேரம் முடியும்வரை குதித்துக்கொண்டே இருந்தால், கூடுதல் உயிருடன் அவரே வென்றுவிடுவார். குதித்தவரை மட்டும் அடிக்கலாம் என்று ஒரு விலக்கைச் சேருங்கள். மேலெழும்பிக் குத்தும் ஷோர்யூகெனுக்கும் வேலை கிடைக்கும். ஸாங்கீஃப், மனோன், லில்லி ஆகிய பாத்திரங்களின், சாதாரண த்ரோவை விட அதிகம் குறைக்கும் சிறப்புப் பிடிகளைத் தடை செய்யாவிட்டால் எல்லோரும் அவர்களையே எடுப்பார்கள்.

பதில் 2:
பரிசுத் தொகை வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சண்டை கேம்களுக்கான ஈவோ போட்டியில் 2008இல் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் கேமை, களத்தில் தற்செயலாக விழும் ஐட்டங்களுடன் நடத்தியபோது, திறமையை விட அதிர்ஷ்டம் தீர்ப்புச் சொல்கிறது என்று ஆட்டக்காரர்கள் பலர் கொதித்தார்கள். வேடிக்கைக்காக நடக்கும் ஆட்டத்தில் பணம் நுழைந்தால் ஒவ்வொரு த்ரோவும் வழக்காகிவிடும்.

பதில் 3:
விதியை மீறினார்களா என்பதை ரீப்ளேயைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்; அதில் பொத்தான் பதிவையும் திரையில் காட்டலாம் என்பதால், டான்ட் செய்தாரா இல்லையா என்ற சண்டைக்கு இடமிருக்காது. த்ரோவிலிருந்து தப்பிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியது. வைஃபை தடுமாறினால் அதுவும் பறிபோகும் என்பதால், முடிந்தவர்கள் லேன் கேபிளில் ஆடட்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குதித்தவரை அடிக்கும் விலக்கையும் சிறப்புப் பிடித் தடையையும் சேர்த்துவிட்டேன்; பரிசுத் தொகையும் கிடையாது. விரல் பிசகி லைட் குத்து விழுந்துவிட்டால் என்ன செய்வது?

பதில் 1:
இரண்டு பொத்தான்களும் ஒருசேர அழுந்தாதபோது அது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆட்டம் தொடரட்டும். நிலத்தில் நிற்பவர் அந்தக் குத்திலேயே வீழ்ந்தால் மட்டும், அந்த ரவுண்டை வீழ்ந்தவருக்கே கொடுத்துவிடுங்கள்.