பொருள்: 'வெண்பொன் அச்சு' சரியா?

வணக்கம்.

வெள்ளிக்குப் பதிலாகப் பிளாட்டினத்தால் தாளில் படம் உண்டாக்கும் பழைய புகைப்பட முறையான பிளாட்டினோடைப்புக்குத் தமிழ்ச் சொல்லாக 'வெண்பொன் அச்சு' என்று நேற்று வந்த பரிந்துரை கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வழக்கில் வெண்பொன் என்றால் வெள்ளி. வெள்ளியே இல்லாத படத்துக்கு வெள்ளியின் பெயரைச் சூட்டிவிடுவோம். 'வெண்தங்கம்' என்றால் நகைக்கடைக்காரர் ஒயிட் கோல்டை எடுத்துக் காட்டுவார். பிளாட்டினம் பிளாட்டினமாகவே இருக்கட்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது 'அச்சு'. போன மாதம் தர்மபுரி வீட்டில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தேன். பாட்டியின் சேலைக் கரை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாலின் மேல் படியும் ஏடு மாதிரி ஒரு படலம். அடியில் வெறும் வெள்ளைத் தாள். கிருஷ்ணகிரி ஸ்டூடியோவில் கழுவிய அந்தப் படத்தில், வெள்ளித் துகள் முழுக்க அந்த ஜெலட்டின் ஏட்டுக்குள்தான் இருந்தது.

பிளாட்டினப் படத்தில் இப்படி உரிய ஏடே கிடையாது. வில்லியம் வில்லிஸ் 1873-இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஃபெரிக் ஆக்சலேட் என்ற இரும்பு உப்பையும் பிளாட்டினம் உப்பையும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். படம் எந்த அளவோ நெகட்டிவும் அதே அளவு. ஒளி பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறும். பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலில் நனைத்ததும் அது பிளாட்டினத்தை உலோகமாக்கித் தாளின் நாரிலேயே படிய வைக்கும். மிச்ச இரும்பை நீர்த்த அமிலத்தில் கழுவிவிடலாம். பளபளப்பில்லாத அந்தச் சாம்பல் நிறச் சாயைகள் எத்தனை எத்தனை! முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கான அமிலம் தயாரிக்கப் பிளாட்டினம் தேவைப்பட்டு, விலை ஏறி, இந்த முறை அருகிப்போனது பெரிய இழப்பு.

ஆக, நடப்பது அச்சடித்தல் அல்ல, படிதல். 'வீழ்படிவு' பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். 'படி' என்றால் நகல் என்றும் பொருள் உண்டு. அதனால் 'பிளாட்டினப் படிவுப்படம்' என்று முன்மொழிகிறேன். இதே மாதிரி பயன்படும் பல்லேடியம் என்ற உலோகத்துக்கும் அப்படியே நீட்டலாம். இரும்பு உப்பால் நீல நிறப் படம் தரும் சயனோடைப் 'நீலப் படிவுப்படம்' ஆகும். அதிலும் நிறம் நாரில்தான் தங்குகிறது. தாத்தா படம் 'வெள்ளி ஜெலட்டின் படம்' என்று தனியாக நிற்கும்.

அப்புறம், மருந்து பூசிய தாளுக்கு ஒரு சொல் வேண்டும். 'பிளாட்டினத் தாள்' என்றால் உலோகத் தகடு என்று நினைத்துவிடுவார்கள். 'பூச்சுத்தாள்' பொருந்துமா, சொல்லுங்கள்.