போர்டில் சால்டர் செய்த யுஎஸ்பி ஹப்: டிவைஸ் ட்ரீயில் சிப்பின் பெயரா, வேலையின் பெயரா?

பலகைவாசி
எங்கள் புதுப் போர்டில் ரியல்டெக் ஆர்டிஎஸ்5411 ஹப் (ஒரு யுஎஸ்பி இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் சிப்) இருக்கிறது. டிடிஎஸ் கோப்பில் (போர்டில் என்னென்ன சாதனம் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்பு) அதன் நோடுக்கு, அதாவது அந்தச் சாதனத்துக்கான பகுதிக்கு, 'ஆர்டிஎஸ்5411@1' என்று பெயர் வைத்தேன். 'ஹப்@1' என்று மாற்றச் சொல்லி ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பூட் லாகைப் பார்க்கிறவருக்கு எந்தச் சிப் என்று பெயரிலேயே தெரிய வேண்டாமா? போர்டில் இரண்டு ஹப் இருக்கும்போது வெறும் 'ஹப்' என்றால் எதை எடுத்துக்கொள்வது?

மின்னி
ரிவ்யூ செய்தவர் பக்கம்தான் நான். நோடின் பெயர் அந்தச் சாதனம் செய்கிற வேலையைச் சொல்லும் பொதுப்பெயராக இருக்க வேண்டும் என்று டிவைஸ் ட்ரீ ஸ்பெசிஃபிகேஷனே சொல்கிறது. சிப் எது என்று சொல்ல நோடுக்குள் 'கம்பாட்டிபிள்' என்ற வரி இருக்கிறது. அதை எழுதும் முறை டிவைஸ் ட்ரீ பிறந்த ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்திலிருந்தே வருகிறது: 'யுஎஸ்பி' என்று தொடங்கி வெண்டர் எண், கமா, ப்ராடக்ட் எண். ஹெக்ஸில், சின்ன எழுத்தில், முன்னால் வரும் சுழியங்களை விட்டுவிட்டு. ரியல்டெக்கின் எண் 0பிடிஏ, ஆகவே 'யுஎஸ்பிபிடிஏ,5411'. சுழியத்தை விடாமல் எழுதினால் அது பைண்டிங்கில் (நோடை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தில்) உள்ள பெயரோடு பொருந்தாது.

எந்த ஹப் என்று கேட்டீர்கள். '@' குறிக்குப் பின்னால் வருவது அது மாட்டியிருக்கும் போர்ட்டின் எண். நோடுக்குள் எழுதும் 'ரெக்' மதிப்பும் அதேதான், 1இல் தொடங்கும். பாதையைப் படித்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இன்னொன்று. உங்கள் சிப் யுஎஸ்பி 3 ஹப். பஸ்ஸில் அது இரண்டு சாதனமாகத் தெரியும்: 2.0 பக்கம் 5411, 3.0 பக்கம் 411. இரண்டுக்கும் தனித்தனி நோடு எழுதி 'பியர்-ஹப்' மூலம் இணைக்க வேண்டும். இரண்டுக்கும் 'ஆர்டிஎஸ்5411' என்று பெயர் வைத்தால், படிப்பவர் போர்டில் இரண்டு சிப் இருப்பதாகத்தானே நினைப்பார்?

பலகைவாசி
இரண்டு நோடு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லினக்ஸில் யுஎஸ்பி டிரைவர் 'கம்பாட்டிபிள்' பார்த்தா சேர்கிறது? சாதனத்திடமே டிஸ்கிரிப்டரை (தன்னைப் பற்றி அது தரும் விவரத்தை) கேட்டு, அதிலுள்ள எண்களைப் பார்த்துச் சேர்கிறது. நோடு ஒட்டுவது போர்ட் எண்ணை வைத்து. அப்படியென்றால் 'கம்பாட்டிபிள்' வெறும் குறிப்புதான். குறிப்பை மனிதர் கண்ணில் படும் இடத்தில், பெயரிலேயே வைக்கிறேன் என்கிறேன்.

தறி
தம்பி, முதல் பாதி சரி. ராஸ்ப்பெரி பை 2, 3பி எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள லேன்9514 சிப்பில் ஹப்பும் ஈதர்நெட்டும் சேர்ந்தே இருக்கும். மேக் முகவரியை (நெட்வொர்க் அடையாள எண்ணை) வைக்கத் தனி ஈஈப்ராம் (நினைவகச் சிப்) கிடையாது. ஃபர்ம்வேர் 'ஈதர்நெட்0' ஏலியாஸை (நோடுக்கு வைத்த குறும்பெயரை) பிடித்துப் போய் அந்த நோடில் முகவரியை எழுதும், டிரைவர் அங்கிருந்து படிக்கும். ஆரம்பத்தில் அந்த நோடுகளின் பெயர் 'யுஎஸ்பி1@1', 'யுஎஸ்பிஈதர்@1'. அப்படியும் ஓடியது. 'ரெக்' தவறினால்தான் முகவரி டிரைவருக்குக் கிடைக்காது.

ஆனால் 'கம்பாட்டிபிள்' வெறும் குறிப்பு என்பது உங்கள் போர்டுக்கே பொருந்தாது. ஹப்புக்கு மின்சாரம் போகவில்லை என்றால் அது பஸ்ஸில் தெரியவே தெரியாது. தெரியாத சாதனத்திடம் டிஸ்கிரிப்டரை யார் கேட்பது? அதற்காகத்தான் லினக்ஸ் 6.0இல் ஆன்போர்ட் ஹப் டிரைவர் வந்தது. அது 'கம்பாட்டிபிள்' பார்த்துத்தான் நோடைக் கண்டுபிடிக்கும், பிறகு அதில் 'விடிடி-சப்ளை' என்று குறித்த மின்சாரத்தை ஆன் செய்யும். அந்த ஒரு வரி தப்பானால் ஹப் எழுந்திருக்காது.

பழையபோர்டு
பெயரை யாரும் பார்ப்பதில்லை என்பதை மறுக்கிறேன். முழுப் பாதையை எழுதிய ஓவர்லேகள் (டிவைஸ் ட்ரீ மேல் பிறகு ஏற்றும் திருத்தங்கள்), யு-பூட் பூட்லோடர் ஸ்கிரிப்டுகள் எல்லாம் பெயரைத்தான் பார்க்கின்றன. ஒரு கர்னல் அப்டேட்டில் நோடின் பெயரை 'அழகாக' மாற்றியதால் எங்கள் வாடிக்கையாளரின் ஓவர்லே ஏறாமல் நின்றது. வெளியே போன பெயரைத் தொடக் கூடாது, அது பொதுப்பெயராக இல்லாவிட்டாலும்.

மின்னி
அண்ணா, வெளியே போனதற்கு நீங்கள் சொல்வது நியாயம். இவருடையது இன்னும் வெளியே போகாத போர்டு. பிறகு மாற்ற முடியாது என்பதால்தான் இப்போதே சரியாக வைக்கச் சொல்கிறேன். நாளை சிப் கிடைக்காமல் வேறு கம்பெனி ஹப்பைப் போட்டால், 'ஹப்@1' அப்படியே நிற்கும், 'கம்பாட்டிபிள்' மட்டும் மாறும். சிப்பின் பெயரை வைத்திருந்தால், பொய்ப்பெயரைச் சுமக்க வேண்டும், அல்லது நீங்கள் சொன்ன அதே வலியைப் பட வேண்டும்.

பலகைவாசி, சர்க்யூட் படத்தின் பெயர் வேண்டுமென்றால் நோடின் பெயருக்கு முன்னால் வரும் லேபிளில் வையுங்கள்: 'யு12_ஹப்_2_0: ஹப்@1'. டிடிஎஸ்ஸைத் திறக்கிறவர் கண்ணில் முதலில் படுவது லேபிள்தான்.

பலகைவாசி
லேபிள் பூட் லாகில் வராது. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் சிப் மாறும் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் 'ஹப்@1', 'ஹப்@2' என்று மாற்றி அனுப்புகிறேன். 'விடிடி-சப்ளை' இரண்டு நோடிலும் வேண்டுமா?

தறி
இரண்டிலும் எழுதுங்கள். ஆர்டிஎஸ்5411 பைண்டிங்கில் உள்ள எடுத்துக்காட்டும் அப்படித்தான்.

பழையபோர்டு
அனுப்புவதற்கு முன் ஓவர்லே எழுதுகிறவர்களிடம் லேபிளைக் கொடுங்கள், முழுப் பாதையைக் கொடுக்காதீர்கள். டிடிஎஸ்ஸிலிருந்து வரும் டிடிபியைச் சிம்பல்களோடு (லேபிள்களின் பட்டியலோடு) கம்பைல் செய்தால்தான் லேபிள் வேலை செய்யும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.